ஓபியாய்டு சார்புநிலைச் சிகிச்சையில் அக்குபங்சர்: மருந்துக்குத் துணையா, மாற்றா?

ஹெராயின், அபின், வலிநிவாரண மாத்திரைகள் சில ஆகியவை ஓபியாய்டு வகையைச் சேர்ந்தவை. இவற்றைச் சார்ந்து வாழும் நிலைக்கு உள்ளானவர்களுக்கு மெத்தடோன், புப்ரெனார்பின் ஆகிய மருந்துகள் வழங்கப்படுகின்றன. உலக சுகாதார நிறுவனம் இவ்விரண்டையும் 2005-ஆம் ஆண்டு தனது இன்றியமையா மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. இம்மருந்துகளுடன் அக்குபங்சரும் செய்துகொண்டால் மருந்தைக் குறைக்க இயலுமா என்பதைச் சீனாவில் நடைபெற்ற ஓர் ஆய்வு சோதித்துள்ளது. அதன் முடிவு உங்களுக்கு எந்த அளவு பொருந்தும் என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

மருந்து என்ன செய்கிறது?

ஓபியாய்டுகள் மூளையில் எந்த ஏற்பிகளைப் பற்றுகின்றனவோ, அவற்றையே இம்மருந்துகளும் பற்றுகின்றன. ஆனால் இவை மெதுவாகவும் நீண்ட நேரமும் செயல்படுகின்றன. அதனால் உடல்வலி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை போன்ற விலகல் அறிகுறிகளும், போதைப்பொருளுக்கான வேட்கையும் தணிகின்றன. இது ஒரு போதைக்குப் பதிலாக மற்றொரு போதை அன்று. உயிரிழப்பைக் குறைக்கும் சிகிச்சையாகும்.

அக்குபங்சர் எவ்வாறு இத்துறைக்கு வந்தது?

1970-களின் தொடக்கத்தில், ஹாங்காங்கைச் சேர்ந்த மருத்துவர் எச். எல். வென், மின்தூண்டலுடன் கூடிய அக்குபங்சர் பெற்ற நோயாளிகளிடம் ஓபியாய்டு விலகல் அறிகுறிகள் தணிவதைக் கண்டு பதிவு செய்தார். அதே பத்தாண்டில், நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியிலுள்ள லிங்கன் மருத்துவமனையில், காதுமடலின் 5 புள்ளிகளில் ஊசி செருகும் முறை உருப்பெற்றது. அது பின்னர் பல நாடுகளுக்குப் பரவியது.

அண்மைய ஆய்வு கூறுவது என்ன?

2024-இல் 'அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்' இதழில் வெளியான இந்த ஆய்வில், மெத்தடோன் பெற்றுவந்த 118 பேர் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்கு உண்மையான அக்குபங்சரும், மற்றொரு பிரிவினருக்கு அதுபோலத் தோன்றும் போலிச் சிகிச்சையும் வாரம் 3 முறை, 8 வாரங்கள் அளிக்கப்பட்டன. இரு பிரிவினரும் மெத்தடோன் சிகிச்சையைத் தொடர்ந்தனர். 8 வார முடிவில், உண்மையான அக்குபங்சர் பெற்றவர்களில் 62 விழுக்காட்டினர் மெத்தடோன் அளவை 20 விழுக்காடோ அதற்கு மேலோ குறைத்திருந்தனர். போலிச் சிகிச்சை பெற்றவர்களில் இது 29 விழுக்காடு. வேட்கையும் முதற்பிரிவினரிடம் கூடுதலாகக் குறைந்தது.

ஏன் எச்சரிக்கை தேவை?

இம்முடிவு நம்பிக்கை அளிப்பது. எனினும் இது ஒரே ஆய்வு. முன்பு கோகெய்ன் சார்புநிலைக்குக் காது அக்குபங்சர் பயன்தருவதாக 2000-இல் ஒரு சிறிய ஆய்வு கூறியது. 620 பேரைக் கொண்ட பெரிய ஆய்வு 2002-இல் வெளிவந்தபோது, போலிச் சிகிச்சையைவிட அதனால் கூடுதல் பயன் காணப்படவில்லை. சிறிய ஆய்வின் முடிவு பெரிய ஆய்வில் நிலைக்காமல் போவது மருத்துவத்தில் அரிதன்று.

மேலும், மருந்தின் அளவு குறைவதும் நோய் குணமாவதும் ஒன்றல்ல. மீண்டும் போதைப்பொருளை நாடாமல் உயிருடனும் நலத்துடனும் வாழ்வதே சிகிச்சையின் நோக்கம். 118 பேரைச் சில மாதங்கள் கண்காணிப்பதால் உயிரிழப்பு குறையுமா என்பதை அறிய இயலாது.

மருந்தைத் தாமாக நிறுத்தினால் நேர்வது என்ன?

மருந்தை நிறுத்தியவுடன், ஓபியாய்டைத் தாங்கும் உடலின் திறன் விரைவாகக் குறைகிறது. அந்நிலையில் ஒருவர் பழைய அளவில் போதைப்பொருளை எடுத்தால், மூச்சு நின்று உயிரிழக்க நேரிடலாம். சிகிச்சையை நிறுத்திய முதல் 4 வாரங்களில் இந்த அபாயம் மிக அதிகம். கருவுற்ற பெண்கள் இம்மருந்துகளைத் திடீரென நிறுத்துவது தாய்க்கும் சேய்க்கும் ஆபத்தாகும். எனவே, "ஊசிச் சிகிச்சை போதும், மாத்திரை வேண்டாம்" என எவர் கூறினாலும் ஏற்காதீர்கள்.

அக்குபங்சர் செய்துகொள்ள விரும்பினால்

• முதலில், உங்களுக்கு மருந்து வழங்கும் மருத்துவரிடம் தெரிவியுங்கள். அளவைக் குறைப்பது குறித்து அவரே முடிவு செய்ய வேண்டும்.
• ஒருமுறை மட்டும் பயன்படுத்தும், கிருமிநீக்கிய ஊசிகளையே ஏற்றுக்கொள்ளுங்கள். ஊசியைப் பகிர்வதால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி தொற்றுகள் பரவும்.
• இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோரும், கருவுற்றோரும், பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டோரும் அதனை முன்கூட்டியே கூற வேண்டும்.
• அக்குபங்சருக்குச் செல்லும் நாளிலும் மருந்தைத் தவறவிடாதீர்கள்.

குடும்பத்தினருக்கு

"எப்போது மாத்திரையை விடுவாய்?" என்ற கேள்வி நல்லெண்ணத்தில் எழுந்தாலும், நோயாளியை அவசர முடிவுக்குத் தள்ளக்கூடும். நீரிழிவுக்கு ஆண்டுக்கணக்கில் மருந்து உட்கொள்வதை நாம் குறையாகக் கருதுவதில்லை; இதனையும் அவ்வாறே கருதுங்கள். எழுப்பினாலும் எழாமை, மூச்சு மிக மெதுவாதல், உதடு நீலமாதல், கண்மணி ஊசிமுனைபோல் சுருங்குதல் ஆகியவை அளவுமீறலின் அடையாளங்கள். இவற்றைக் கண்டால் உடனே 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். நாலோக்சோன் மருந்து கிடைத்தால் பயன்படுத்துங்கள்.

போதைப்பொருள் சார்புநிலை குறித்த ஆலோசனைக்கு 14446 என்ற கட்டணமில்லா தேசிய உதவி எண்ணைத் தொடர்புகொள்ளலாம்.