பாலத்துக்கு நடுவுல இருக்கிற புல்வெளி

கத்திப்பாரா மேம்பாலத்தை மேல இருந்து எடுத்த போட்டோ பார்த்திருப்பீங்க. 2008ல திறந்தது. இலை இலையா வளையுற ரோடு, வளையங்களுக்கு நடுவுல துண்டு துண்டா நிலம். மதுரவாயல்லயும் இதே மாதிரிதான். அந்த நிலத்தைப் பத்திதான் இந்த த்ரெட்.

டாக்டருக்கு இதுல என்ன வேலைன்னு கேப்பீங்க. போன மழைக்கு ஒரு ஆட்டோ அண்ணன் எங்க வார்டுல அட்மிட் ஆனார். ஒரு பாலத்துக்குக் கீழ முழங்கால் தண்ணில வண்டி நின்னுபோச்சு, இறங்கித் தள்ளியிருக்கார். கால்ல ஏதோ கீறிடுச்சு. பல வருஷ சுகர், பாதத்துல உணர்ச்சி குறைவு, வலியே தெரியல. நாலு நாள் கழிச்சு வந்தார். ரெண்டு விரலை எடுக்க வேண்டியதாப் போச்சு.

இப்போ ஒரு கணக்கு. 1 ஏக்கர் ரோட்டுல 10 செ.மீ. மழை பெய்தா சுமார் 4 லட்சம் லிட்டர் தண்ணி. தார் ரோடு அதைக் குடிக்காது. நடுவுல இருக்கிற நிலமாவது குடிக்குமான்னா, பல இடங்கள்ல மண்ணைக் கொட்டி மேடாக்கி, புல் போட்டு, சுத்தி ஓரக்கல் வெச்சிடறோம். புல்மேட்டுத் தண்ணியும் ரோட்டுக்கே வருது!

இதைத் தலைகீழாப் பண்ணணும்ங்கிறது என் கருத்து. அந்த நிலத்துல 1 ஏக்கரைக் கீழ் ரோட்டைவிட 1 அடி தாழ்த்தினா 12 லட்சம் லிட்டர் நிக்கும். அதாவது 3 ஏக்கர் ரோட்டு மழை. ஓரக்கல்லை அங்கங்க வெட்டி வழிவிடணும். வெட்டிவேர், நாணல் நடலாம். முதல் மழையில அடிச்சுட்டு வர்ற எண்ணெய், டயர் தூளைச் செடியும் மணலும் ஓரளவு பிடிச்சு வைக்கும்.

"டாக்டரே கொசு வளர்க்கச் சொல்றாரே"ன்னு கமெண்ட் வரும். நியாயமான கேள்விதான். முட்டை கொசுவாகிப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். 2 நாள்ல தண்ணி வடிஞ்சுட்டா அதுக்கு நேரமே கிடைக்காது. ஆனா சென்னையில பல இடம் களிமண், நவம்பர்ல நிலத்தடி நீரும் மேல ஏறிடும், தானா இறங்காது. அதனால அடியில மணல், ஜல்லி, துளை போட்ட குழாய் வெச்சு மெதுவா வடிகாலுக்கு விடணும். மழைக்கு முன்னாடி வருஷா வருஷம் சேறு அள்ளணும். அள்ள மாட்டோம்னா, தயவுசெஞ்சு தோண்டவே வேண்டாம். டெங்கு வார்டு ஏற்கெனவே ஃபுல்.

2015, 2023 டிசம்பர் மாதிரி வெள்ளத்தை இது தடுக்காது. அண்ணன் வண்டி நின்னது அந்த மாதிரி மழையில இல்ல, ஒரு சாயங்கால மழையில.

அடுத்த தடவை உங்க ஊர் மேம்பாலம் பக்கம் போனா, நடுவுல இருக்கிற மண்ணு ஓரக்கல்லுக்கு மேல இருக்கா, கீழ இருக்கான்னு பாருங்க. போட்டோ எடுத்துக் கீழ போடுங்க. வண்டியை ஓரமா நிறுத்திட்டு!