மடிக்கலாம், மறக்கக் கூடாது

எஃப்.இ.ஏ. லேப்ல நாம எல்லாரும் செய்யற வேலைதான் இது. நாலு ஓரமும் பிடிச்சு வச்ச ஒரு செவ்வகத் தகடு, நட்டநடுவுல 100 நியூட்டன் லோடு. முழுத் தகட்டையும் யாரும் மெஷ் பண்றதில்ல. இடம்-வலம் ஒரு சிமெட்ரி, மேல்-கீழ் ஒரு சிமெட்ரி இருக்கறதால கால் பங்கு மட்டும் வரைஞ்சா போதும். அப்போ அந்த மூலையில எவ்வளவு லோடு போடணும்? 25 நியூட்டன். ஏன்னு கேட்டா, "நாலால வகுக்கணும்" என்று ரெக்கார்டு நோட்டில் இருக்கும். லோடு நடுப்புள்ளியில் இல்லாமல் ஒரு சிமெட்ரி கோட்டின் மேல் இருந்தால் பாதி. கோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்தால் முழு 100.

இந்த மூணையும் தனித்தனி விதியா மனப்பாடம் பண்றோம். மூணும் ஒரே விதிதான். அந்த விதிக்குப் பின்னாடி ஆர்பிஃபோல்ட் என்ற அழகான கணிதம் இருக்கு. அதை நமக்கு ஒரு மணி நேரமாவது சொல்லித் தரணும் என்பது என் கட்சி.

ஒரு கைக்குட்டையை இரண்டு தடவை மடிக்கிற மாதிரி தகட்டை மடிங்க. கால் பங்கு கிடைக்கும். இப்போ அதைப் பார்த்தா சாதாரண செவ்வகம். எந்த ஓரம் நிஜமான ஓரம், எந்த ஓரம் மடிப்பு என்று பார்த்துச் சொல்ல முடியாது. மடிப்பைக் குறித்து வைத்துக்கொண்ட செவ்வகம்தான் ஆர்பிஃபோல்ட். குறித்து வைக்காவிட்டால் அது வெறும் சின்னத் தகடு, அதுக்கு வர்ற விடையும் வேற.

எப்படிக் குறிப்பது? இங்கேதான் குரூப்பாய்ட் வருது. புள்ளிகளை ஒட்டிவிட்டு மறந்துவிடாமல், "இந்தப் புள்ளி இந்த சிமெட்ரியால் அந்தப் புள்ளிக்குப் போகுது" என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அம்பு போட்டு வைக்கிறோம். சும்மா இருப்பதும் ஒரு சிமெட்ரி, 180 டிகிரி சுற்றுவதும் ஒன்று. ஆக மொத்தம் 4. தகட்டின் நடுப்புள்ளியை நாலுமே அசைக்காது, அதனால அங்கிருந்து அங்கேயே 4 அம்புகள். கோட்டின் மேல் உள்ள புள்ளிக்கு 2. உள்ளே இருப்பதற்கு 1. லோடை அந்த எண்ணால் வகுங்க: 25, 50, 100. நோட்டில் இருந்த மூணு விதியும் வந்தாச்சு.

நம்பலையா? 3 மணி, 2 நிறம், ஒரு வளையம். மொத்தம் 8 விதமா நிறம் கொடுக்கலாம். சுற்றினா ஒண்ணா வர்றதையெல்லாம் ஒண்ணாக்கினா 4 வளையம் மிஞ்சும். ஆனா 8-ஐ 3-ஆல் வகுத்தா 4 வராதே? ஒரே நிறத்தில் இருக்கும் 2 வளையத்துக்கும் தன்னிடமே 3 அம்பு, அதனால ஒவ்வொன்றும் 1/3. மற்ற இரண்டும் தலா 1. கூட்டினா 8/3. கணக்கு நேராயிடுச்சு.

சரி, விதி தெரிஞ்சா போதாதா, சாஃப்ட்வேர் பார்த்துக்காதா என்று கேட்பீங்க. நியாயமான கேள்வி. ஆனா இரண்டு முனையும் ஹிஞ்ச் செய்த ஓர் ஆர்ச்சை எடுத்துக்கோங்க. ஆர்ச்சும் லோடும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. பாதி மட்டும் மாடல் பண்ணி, வெட்டிய இடத்தில் சிமெட்ரி கண்டிஷன் கொடுத்து பக்ளிங் லோடு கேட்டால் ஓர் எண் வரும். நிஜமான ஆர்ச்சோ, போதிய உயரம் இருந்தால், அதைவிடக் குறைந்த லோடிலேயே ஒரு பாதி கீழே இறங்கி மறு பாதி மேலே எழும்பி மடங்கிவிடும். அது ஆன்டிசிமெட்ரிக் மோடு. பாதி மாடலுக்குள் அது நுழையவே முடியாது. ரிப்போர்ட்டில் "பாதுகாப்பானது" என்று எழுதியிருப்போம்.

வெறுமனே மடித்தவனுக்கு இந்த மோடு ஒன்று இருப்பதே தெரியாது. அம்பு வைத்திருப்பவன் ஒரு கேள்வி கேட்பான்: இந்த அம்பு வழியா போனால் டிஸ்ப்ளேஸ்மென்ட் அப்படியே வருமா, குறி மாறி வருமா? இரண்டு பதில். அதனால இரண்டு தடவை ரன் பண்ணணும், சிறியதை எடுக்கணும். சாஃப்ட்வேரில் இரண்டு ஆப்ஷனும் இருக்கு. எதைக் கிளிக் பண்ணணும் என்பதை அது சொல்லாது.

கணிதக்காரர்களுக்கே இது ஒரே நாளில் தெளியல. 1956-ல் ஜப்பானின் சடாகே இவற்றை 'வி-மேனிஃபோல்ட்' என்றார். 1970-களில் பிரின்ஸ்டனில் தர்ஸ்டன் தன் வகுப்பு மாணவர்களிடம் ஓட்டெடுப்பு நடத்தி 'ஆர்பிஃபோல்ட்' என்ற பெயரை வைத்தார். ஓர் ஆர்பிஃபோல்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் மேப் எது என்பது மட்டும் ரொம்ப காலம் தகராறாகவே இருந்தது. புள்ளி எங்கே போகுது என்று மட்டும் சொன்னால் போதவில்லை, அம்பு எங்கே போகுது என்றும் சொல்ல வேண்டியிருந்தது. 1997-ல் மூர்டைக், ப்ரோங்க் இருவரும் ஆர்பிஃபோல்டுகளை ஒரு வகை குரூப்பாய்டுகளாகவே பார்க்கலாம் என்று எழுதினார்கள். தர்ஸ்டன் காட்டிய கண்ணீர்த் துளி வடிவம் இன்னும் வேடிக்கை: ஒரே ஒரு கூர்முனை உள்ள கோளம். விரித்துப் பார்க்க அதற்கு முழு மாடலே கிடையாது, எந்த வழவழப்பான பரப்பையும் முடிவுள்ள ஒரு குரூப்பால் மடித்து அதைப் பெற முடியாது. அங்கே நம் கையில் இருப்பது அம்புகள் மட்டுமே.

முழுத் தியரியையும் படிக்கச் சொல்லல. அதன் முதல் டெஃபினிஷனே ஒரு பக்கம் போகும், நமக்கு ப்ளேஸ்மென்ட் வேற இருக்கு. ஆனா "இரண்டும் ஒண்ணுதான்" என்று எழுதும்போது எந்த வழியில் ஒண்ணு, எத்தனை வழியில் ஒண்ணு என்று பக்கத்தில் ஒரு வரி எழுத நமக்கு நேரம் இருக்கு. அடுத்த ப்ராஜெக்ட்ல கால் மாடலோ பாதி மாடலோ போடுவீங்க. சால்வ் பட்டனை அழுத்தும் முன் அந்த ஒரு வரியை எழுதிப் பாருங்க.