கஞ்சா டிஎன்ஏவை மாற்றிவிடுமா?

“டீச்சர், கஞ்சா புகைத்தால் நம் டிஎன்ஏவே மாறிவிடுமாமே?” புலனத்தில் படித்ததாகச் சொல்லி, படிவம் 4 மாணவன் ஒருவன் கேட்டான். வகுப்பில் பாதிப் பேர் பயந்தார்கள். மீதிப் பேர் சிரித்தார்கள். சிரித்தவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. ஓர் எச்சரிக்கையில் மிகையைக் கண்டுபிடித்துவிட்டவன், அடுத்து வரும் உண்மையான எச்சரிக்கையையும் நம்பமாட்டான்.

இத்தகைய பேச்சுக்கு அடிப்படையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 1,000 பெரியவர்களிடம் ஐந்தாண்டு இடைவெளியில் இருமுறை எடுத்த இரத்தத்தைச் சோதித்தார்கள். அண்மையில் கஞ்சா பயன்படுத்தியவர்களின் டிஎன்ஏவில், முதல் முறை 22 இடங்களிலும் இரண்டாம் முறை 132 இடங்களிலும் மெத்தில் குறிகள் வேறுபட்டிருந்தன.

அதென்ன மெத்தில் குறி? ‘பல’ என்று எழுதுங்கள். கடைசி எழுத்தின்மேல் ஒரு புள்ளி வையுங்கள். ‘பல்’ ஆகிவிட்டது. ‘ல’ அங்கேயேதான் இருக்கிறது. அதன் அகர ஒலி மட்டும் அடங்கிவிட்டது. டிஎன்ஏவில் ஏ, டி, ஜி, சி என நான்கே எழுத்துகள். அவற்றுள் ‘சி’யின்மீது, ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த மெத்தில் தொகுதி ஒட்டிக்கொள்ளும். மரபணுவின் தொடக்கப் பகுதியில் இவை குவிந்தால் அந்த மரபணு பெரும்பாலும் அடங்கிப்போகும். எழுத்து மாறாமல் வாசிப்பு மாறும் இதைத்தான் எபிஜெனெட்டிக்ஸ் என்கிறோம். (தமிழ் படித்தவர்களுக்கு இது சுலபம் என்று வகுப்பில் நான் பெருமையடிப்பதுண்டு!)

ஆகவே, எழுத்தே மாறிவிடும் என்பது தவறு. கஞ்சாதான் இந்த வேறுபாட்டை உண்டாக்கியது என்று ஆய்வாளர்களும் சொல்லவில்லை. இரண்டுக்கும் தொடர்பு தெரிகிறது என்றார்கள், அவ்வளவுதான். அவர்கள் கண்ட குறிகளில் ஒன்று ஏற்கெனவே சிகரெட்டோடு தொடர்புபடுத்தப்பட்டது. மேலும், சோதித்தது இரத்தத்தை, மூளையை அல்ல. இவற்றையெல்லாம் மாணவர்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பதே என் கட்சி. மூளை இருபதுகளின் நடுப்பகுதிவரை வளர்ந்துகொண்டிருக்கிறது. இளவயதிலேயே அடிக்கடி கஞ்சா புகைப்பவர்களுக்கு மனச்சிதைவு நோயின் அபாயம் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. இது போதாதா? இதற்குமேல் கற்பனை எதற்கு?

மணி அடித்த பிறகு பின்வரிசை மாணவி ஒருத்தி வந்தாள். “அந்தப் புள்ளியை அழிக்க முடியுமா, டீச்சர்?” சிகரெட்டைப் பொறுத்தவரை பதில் இருக்கிறது. புகைப்பதை நிறுத்தியவர்களிடம் பெரும்பாலான குறிகள் ஐந்தாண்டுகளுக்குள் பழைய நிலைக்குத் திரும்பின. சில, 30 ஆண்டுகள் கழித்தும் திரும்பவில்லை.