மஞ்சளுக்கு மேக்கப்பா?

பளிச்னு இருந்தாதான் நல்ல மஞ்சளா ஃப்ரெண்ட்ஸ்? பங்களாதேஷ்ல கர்ப்பிணிகளோட ரத்தத்துல காரீயம் ஏன் அதிகமா இருக்குனு தோண்டித் துருவின ஆராய்ச்சியாளர்கள், கடைசியில வந்து நின்ன இடம் அடுப்படி மஞ்சள்தூள்! மங்கலான கிழங்குக்குப் பாலிஷ் போடும்போது, பெயின்ட்ல சேர்க்கிற லெட் குரோமேட்டைக் கலந்திருக்காங்க. லெட்னா காரீயம். குழந்தைகளோட மூளை வளர்ச்சியையே பாதிக்கிற விஷம். 2019-ல் சந்தையில் எடுத்த மஞ்சள் மாதிரிகளில் 47 சதவிகிதத்தில் அது இருந்தது. அப்புறம் விழிப்பு உணர்வுப் பிரசாரம், கையடக்க எக்ஸ்-ரே கருவியோடு திடீர் சோதனை, அபராதம்னு அரசு இறங்கி அடிச்சது. 2021-ல் அதே சந்தைகளில்... பூஜ்யம்! கண்ணும் நாக்கும் கோட்டைவிட்டதைக் கருவி கண்டுபிடிச்சது. அதனால, கெமிஸ்ட்ரி லேப்ல இனிமே தூங்காதீங்க மக்கா!