ஏத்தம் வரவு, வத்தம் செலவு

பி.காம். படித்தவனுக்கு உலகத்தில் எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கோடு தெரியும். இந்தப் பக்கம் பற்று, அந்தப் பக்கம் வரவு. கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட மொய் இவ்வளவு, சாப்பாடு இவ்வளவு என்று மனசு தானாக எழுத ஆரம்பித்துவிடும். இப்படிப்பட்ட ஆசாமி மீன் பிடிக்கப் போகலாமா? போகிறேன் சார். மாதத்தில் இரண்டு ஞாயிறு, எண்ணூர் கழிமுகத்துக்கு.

போன தடவைக் கணக்கைச் சமர்ப்பித்துவிடுகிறேன். செலவு: இரைக்கு இறால் 80 ரூபாய். அறுந்துபோன நரம்பு (தூண்டில் நைலானை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்), கொக்கி, ஈயக்குண்டு வகையில் 40 ரூபாய். ரயில், டீ, பட்டர் பன் 50 ரூபாய். ஆக மொத்தம் 170. வரவு: விரல் நீளத்தில் நாலு கிழங்கான், ஒரே ஒரு பேத்தை. பேத்தை சாப்பிட உதவாது என்பதால் அதை வாராக்கடனில் எழுதிவிட்டேன்.

வீட்டில் ஆடிட்டிங் கடுமை. "ஏங்க, அந்த 80 ரூபா இறாலை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தா தொக்கு பண்ணியிருப்பேனே!" என்றாள் மனைவி. இந்தக் கேள்விக்கு எந்த காமர்ஸ் புத்தகத்திலும் விடை கிடையாது.

விடை இருப்பது கழிமுகத்தில்.

சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறினால் எண்ணூர். பூண்டி ஏரிப் பக்கமிருந்து வரும் கொசஸ்தலை ஆறு இங்கேதான் கடலில் சேருகிறது. அதே இடத்தில் பக்கிங்காம் கால்வாயும் வந்து கைகோத்துக்கொள்கிறது. அந்தக் கால்வாயில் முதன்முதலாக வெட்டப்பட்டதே சென்னை - எண்ணூர் துண்டுதான், 1806-ல். பக்கிங்காம் என்ற பட்டப்பெயர் 1878-ல் வந்தது. ஆற்றுக்கு நல்ல தண்ணீர், கடலுக்கு உப்புத் தண்ணீர். இரண்டும் சம்பந்தி ஆகிற இடத்துக்குத்தான் கழிமுகம் என்று பெயர். சம்பந்திகள் கூடும் இடம் என்றால் எப்போதும் கொஞ்சம் கொந்தளிப்பு இருக்கத்தானே செய்யும்?

அங்கே எனக்கு வாத்தியார் ஒருவர் வாய்த்திருக்கிறார். அறுபதை நெருங்குகிற மீனவர். வீச்சு வலைக்காரர். நான் "அண்ணே" என்பேன், அவர் "தம்பி" என்பார். முதல் நாளே கேட்டார்:

"இன்னா தம்பி, ஏத்தமா வத்தமான்னு பாத்து வந்தியா, இல்ல ஞாயித்துக்கிழமைன்னு வந்தியா?"

ஏத்தம் என்றால் கடல் தண்ணீர் உள்ளே ஏறுவது. வத்தம் என்றால் அது திரும்ப வடிவது. ஒரு நாளைக்கு இரண்டு ஏத்தம், இரண்டு வத்தம். நிலாவின் கைங்கரியம். நிலா தினமும் சுமார் 50 நிமிஷம் தாமதமாக வருகிறதல்லவா, ஓதமும் அதே 50 நிமிஷம் லேட். ஆனால் அந்த லேட்டிலும் ஒரு நாணயம் உண்டு. நம் ஊர் பஸ் மாதிரி ஒரு நாள் வராமலே இருந்து, மறுநாள் மூன்றாக வராது.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏத்தம் பெரிசு. பெரிசு என்றால் குஜராத்தின் காம்பே வளைகுடா மாதிரி பத்து மீட்டர் எல்லாம் இல்லை. நம் சென்னைக் கரையில் சுமார் ஒரு மீட்டர்தான். ஆனால் சின்னக் கழிமுகத்துக்கு அதுவே தீபாவளி. அரை நிலா சமயத்தில், அதாவது அஷ்டமியை ஒட்டி, ஓதம் சோம்பிப் படுத்துவிடும். தண்ணீர் நகராது, மீனும் நகராது. அஷ்டமி நவமியில் காரியம் ஆகாது என்று என் பாட்டி சொன்னபோது சிரித்தவர்கள் தயவுசெய்து எண்ணூருக்குத் தூண்டிலோடு வரவும்.

அண்ணன் சொல்லிக்கொடுத்த பால பாடம் இதுதான்: "தண்ணி ஓடற நேரத்துல போடு தம்பி. நின்ன தண்ணியில மீனும் நிக்கும், நீயும் நிப்ப."

* * *

இனி ஆச்சரியங்கள்.

முதலில் பேத்தை. கொக்கியை விட்டு எடுப்பதற்குள் கோபத்தில் தண்ணீரையும் காற்றையும் குடித்து பலூன் மாதிரி உப்பிவிட்டது. எங்கள் தெருவில் வீட்டு வரி நோட்டீஸ் வாங்கியவர் முகம் இப்படித்தான் இருந்தது. சிரிப்பு வரும், ஆனால் சமாசாரம் விஷம். சமைத்தாலும் சாகாத விஷம். ஜப்பானில் இதன் உறவுக்கார மீனைச் சமைக்கத் தனி லைசென்ஸ் வேண்டும். அண்ணன் லைசென்ஸ் எல்லாம் கேட்கவில்லை. "உட்ரு" என்றார். விட்டுவிட்டேன். போய் இரண்டு நிமிஷம் மிதந்து, காற்றைக் கக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போயிற்று.

அடுத்து மடவை. கண்ணெதிரே சர்க்கஸ் மாதிரி துள்ளும், இறாலைக் காட்டினால் சீந்தாது. காரணம், ஐயா கிட்டத்தட்ட சைவம். பாசி, சேற்றில் படிந்த மக்கல், இதுதான் ஆகாரம். அதை அரைக்கக் கோழிக்கு இருப்பது மாதிரி கெட்டியான இரைப்பைகூட உண்டு. மைதா மாவைப் பிசைந்து உருட்டிப் போட்டால் வருகிறார். நம் பரோட்டாக் கடைகளின் செல்வாக்கு எதுவரை போயிருக்கிறது பாருங்கள்!

மூன்றாவது கொடுவா. கழிமுகத்தின் ராஜா என்று சொல்லலாம். சொல்வதில் ஒரு சிக்கல். கொடுவா ஆணாக வாலிபம் அடைந்து, சில வருஷம் குடும்பம் நடத்திவிட்டு, பிறகு பெண்ணாக மாறிவிடும். ஆகவே தராசை அமுக்குகிற பெரிய கொடுவா என்றால் அநேகமாக அது ராஜா இல்லை, ராணி. இதை வீட்டில் வந்து சொன்னேன். "அனுபவம் வந்ததும் பொறுப்பை யார்கிட்ட குடுக்கணும்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு" என்று பதில் வந்தது. அத்தோடு அந்த விவாதம் முடிந்தது.

நாலாவது ஆச்சரியம்தான் என்னை உலுக்கியது. அண்ணன் வலையில் ஒரு கெளுத்தி. நல்ல எடை. முள் கையில் ஏறினால் ராத்திரி தூக்கம் போய்விடும் என்பதால் சாக்கைப் போட்டுப் பிடித்தார். வாயைப் பிளந்து பார்த்தார். "இங்க வா தம்பி" என்றார். உள்ளே கோலிக்குண்டு சைஸில் மஞ்சளாக முட்டைகள்!

"முட்டையைத் தின்னிடுச்சா அண்ணே?"

"திங்கல. இது அப்பன். அடை காக்குது."

உண்மைதான். கடல் கெளுத்தி வகையில் முட்டை இடுவதோடு அம்மாவின் வேலை முடிந்தது. அப்பா அத்தனையையும் வாயில் வாங்கிக்கொண்டு, குஞ்சு பொரிந்து தானாக நீந்துகிறவரை வாரக்கணக்கில் பட்டினி கிடக்கிறார். வாய் நிறைய பிள்ளைகள். ஒரு வாய் சாப்பிட்டால் வம்சம் போச்சு. பிள்ளை பெற்ற அப்பாக்கள் எல்லாம் எல்.கே.ஜி. சீட்டுக்கு ராத்திரியே க்யூவில் நின்ற பெருமையை இனி கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம்.

அண்ணன் அந்த மீனை எடை போட்டுப் பார்க்கிற மாதிரி ஒரு தரம் கையில் ஏந்தினார். அன்றைக்கு அவர் கூடையில் அதற்குமுன் பெரிசாக எதுவும் இல்லை. அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். பிறகு குனிந்து, மெதுவாகத் தண்ணீரில் வைத்தார்.

"நூத்தம்பது ரூபாய் போச்சே அண்ணே" என்றேன். காமர்ஸ் பழக்கம்.

"போவல தம்பி. உள்ளதான் இருக்குது."

ஐந்து வருஷம் பி.காமும் அக்கவுண்ட்ஸ் ட்யூஷனுமாகப் படித்தவனுக்கு முதலுக்கும் வட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. கழிமுகம் என்பது அவருக்கு பேங்க். வட்டியை எடுத்துச் சாப்பிடுகிறார். முதலில் கை வைப்பதில்லை.

* * *

அந்த பேங்கின் பெரிய டெபாசிட் இறால். வெள்ளை இறால் கடலில் பிறக்கும். கண்ணுக்குத் தெரியாத குஞ்சாக ஏத்தத்தில் ஏறிக் கழிமுகத்துக்குள் வரும். சில மாதம் இங்கே தின்று வளர்ந்து, வத்தத்தில் வெளியேறி, கடலுக்குப் போய் முட்டையிடும். ஆக, நடுக்கடலில் டிராலர் வலையில் விழுகிற இறாலும் இந்த மாதிரி ஏதோ ஒரு கழிமுகத்தில் பாலர் பள்ளி படித்ததுதான். இந்தப் பள்ளிக்கூடத்தை மூடினால் ஏற்றுமதிக் கணக்கில் இடிக்கும்.

இந்த இறாலைக் கையாலேயே பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இருளர் சமூகத்து ஆண்களும் பெண்களும், தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, சேற்றைத் துழாவி எடுப்பார்கள். பனை ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, பிடித்ததை அதில் போடுவார்கள். வலை கிடையாது, படகு கிடையாது. பத்து விரல்தான் முதலீடு.

சமீப வருஷங்களில் அந்த விரல்களுக்கு ஒரு வெளிநாட்டு எதிரி வந்திருக்கிறது. பெயர் காக்கா ஆழி. தென் அமெரிக்கப் பக்கத்துக் கறுப்புச் சிப்பி. சரக்கு இல்லாத கப்பல் ஆடாமல் இருக்க வயிற்றில் கடல் தண்ணீரை நிரப்பிக்கொண்டு வரும். சரக்கு ஏற்றும் ஊரில் அதைக் கொட்டும். அப்படி வந்திருக்கும் என்கிறார்கள். எண்ணூர் துறைமுகம் 2001-ல் திறந்தது, பக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகமும் இருக்கிறது. விருந்தாளிக்கு வழி கேட்க வேண்டிய அவசியமே இல்லை. வந்த சிப்பி கழிமுகத் தரையில் கம்பளம் விரித்த மாதிரி படர்ந்துவிட்டது. இறால் புதையச் சேறு இல்லை. துழாவுகிற கையைக் கிழிக்கிறது. வலையையும் கிழிக்கிறது.

இது போதாதென்று அனல் மின் நிலையச் சாம்பல். குழாய் கசிந்து கசிந்து கழிமுகத்தில் படிந்து, படகு போன இடத்தில் இப்போது கால் தட்டுகிறது. பசுமைத் தீர்ப்பாயம் வரை போன விவகாரம் இது. அப்புறம் 2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகத்தில் படர்ந்தது. படகு, வலை, வீட்டுச் சுவர், கூழைக்கடாவின் இறக்கை எல்லாம் ஒரே தார். மீனவர்கள் அதே படகில் போய் வாளியாலும் மக்காலும் எண்ணெயை அள்ளினார்கள். அண்ணன் அந்த மாதத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஒரே ஒரு தடவை சொன்னார்: "மீனுக்குப் போட்ட வலையைக் கொளுத்தினேன் தம்பி. கழுவ கழுவ போவல." அவர் மகன் இப்போது ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. கழிமுகத்துக்கு லீவு நாளில் வருகிறான். என்னைப் போல.

இங்கிருந்து கொஞ்சம் வடக்கே போனால் பழவேற்காடு ஏரி. அங்கே மீனவர்களுக்குள் "பாடு" என்று ஒரு வழக்கம். எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடுவது என்று ஊருக்குள் முறை வைத்துக்கொள்வார்கள். நல்ல இடம் ஒருத்தனுக்கே போய்விடக்கூடாது, ஏரிக்கும் ஓய்வு வேண்டும். பத்திரம் இல்லை, ரிஜிஸ்தர் ஆபீஸ் இல்லை. அடுத்தவன் முறைக்கு மிச்சம் வை என்பதுதான் சட்டம். கழிமுகத்தில் சாம்பலும் எண்ணெயும் விடுகிறவர்களுக்கு யாரும் பாடு வைக்கவில்லை. அவர்கள் பாட்டுக்கு விடுகிறார்கள். பாடு படுவது மற்றவர்கள்.

கணக்குப்பிள்ளை புத்தியில் சொல்கிறேன். கம்பெனிக்காரர் இயந்திரம் வாங்கினால் வருஷா வருஷம் தேய்மானம் எழுதுகிறார். வரியும் குறைகிறது. கழிமுகம் தேய்ந்ததை எந்தப் புத்தகத்திலும் யாரும் எழுதுவதில்லை. எழுதாத செலவு இல்லாத செலவு ஆகாது. அது வேறு யாரோ ஒருவருடைய அடுப்பில் போய் விழுகிறது. எண்ணூரில் அது விழுகிற அடுப்புகளைக் காட்டுக்குப்பத்திலும் முகத்துவாரக்குப்பத்திலும் போய் எண்ணிப் பார்க்கலாம்.

ஆகவே வாசகர்களே, அடுத்த முறை மீன் மார்க்கெட்டில் இறால் வாங்கும்போது, "ஃப்ரெஷ்ஷா? கிலோ எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு, மனசுக்குள்ளாவது இன்னொரு கேள்வி கேளுங்கள்: "தம்பி, நீ எந்தக் கழிமுகத்தில் எல்.கே.ஜி. படிச்சே? அந்த ஸ்கூல் இன்னும் நடக்குதா?"

இறால் பதில் சொல்லாது. விலையைப் பாருங்கள், அது சொல்லும்.