கல்லூரி வாசலில் ஓர் ஆங்கிலச் சுவர்

ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை செய்யும் தோழர் சென்ற வாரம் என்னைத் தேடி வந்தார். இரவு ஷிப்டு முடித்து நேராக வந்திருந்தார். உட்கார்ந்ததும் சொன்னார்: “பிள்ளை இனி கல்லூரிக்குப் போக மாட்டேங்குகா, அண்ணாச்சி. கிளாசிலே ஒரு மண்ணும் புரியல்லியாம். பேசாம அண்டி ஆபீசுக்கு அனுப்பிரலாமாண்ணு அவ அம்மை கேக்கா.”

அந்தப் பெண் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவள். உயிரியலில் நல்ல மதிப்பெண். கல்லூரியில் தாவரவியல் எடுத்தாள். முதல் பருவத் தேர்வில் இரண்டு பாடங்கள் போயின. உடனே வீட்டில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது: “நம்ம சாதிசனத்துக்கு இந்தப் படிப்பெல்லாம் ஏறாது!” முதலாளி சொல்ல வேண்டிய வார்த்தையை நம் வாயாலேயே நாம் சொல்லிக்கொள்கிறோம், கவனித்தீர்களா?

நான் அந்தப் பெண்ணிடம் கேட்டேன்: “ஒளிச்சேர்க்கை என்றால் என்ன, மக்ளே?” கடகடவென்று சொன்னாள். சவ்வூடு பரவல்? உலர்ந்த திராட்சை தண்ணீரில் ஊறி உப்பும் கதையைச் சொல்லி விளக்கினாள். “இதைத்தான் உன் வகுப்பில் ஃபோட்டோசிந்தசிஸ், ஆஸ்மாசிஸ் என்கிறார்கள்” என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “இதுதானா அது!” என்றாள். பாதி வருஷம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். தனக்குத் தெரிந்த பாடத்தைத்தான் நடத்துகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியவில்லை. யாரும் சொல்லவில்லை.

தோழர்களே, இது ஒரு வீட்டுக் கதை அல்ல. தோவாளையிலும் அகஸ்தீஸ்வரத்திலும் வயல் வேலை செய்கிறவர்கள், கடற்கரை ஊர்களில் மீன் பிடிக்கிறவர்கள், மலையோரத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் ஆகியோரின் பிள்ளைகள் இன்று கல்லூரிக்குப் போகிறார்கள். அதிலும் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரியைப் பார்க்கிற பிள்ளைகள் எத்தனையோ பேர். விளவங்கோடு தாலுகாவில் மலையாள வழியில் படித்த ஏழைப் பிள்ளைகளுக்கும் இதே கஷ்டம்தான்.

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். 2020இல் அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவக் கல்லூரியில் 7.5 சதவீத இடம் ஒதுக்கச் சட்டம் வந்தது. 2021இல் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் அது விரிந்தது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இலும், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இலும் தொடங்கின. எல்லாம் போராடிக் கேட்டு வாங்க வேண்டிய உரிமைகள்தாம், வரவேற்போம். ஆனால் கதவைத் திறந்துவிட்டு உள்ளே ஒரு சுவரைக் கட்டி வைத்தால்? வகுப்பில் பேசுவதும் ஆங்கிலம், புத்தகமும் ஆங்கிலம், வினாத்தாளும் ஆங்கிலம். பணம் கட்டி ஆங்கிலப் பள்ளியில் படித்த வீட்டுப் பிள்ளை அந்தச் சுவரைச் சும்மா தாண்டிப் போகிறது. நம் பிள்ளை அங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது. பிறகு, “தகுதி போதாது” என்கிறார்கள்!

“அப்படியானால் எல்.கே.ஜி.யிலிருந்தே ஆங்கிலத்தில் போட வேண்டியதுதானே?” என்று கேட்கிறவர்கள் நம்மிலேயே உண்டு. கடன் வாங்கிக் கட்டணம் கட்டுகிறவர்களும் உண்டு. இன்னொரு பக்கத்தில், “ஆங்கிலமே நமக்கு வேண்டாம்” என்று மேடையில் முழங்குகிறவர்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் எங்கே படிக்கின்றன என்று விசாரித்துப் பாருங்கள். இரண்டும் தொழிலாளிக்கு உதவாத பேச்சு. ஆங்கிலம் ஒரு கருவி. அது நம் பிள்ளைகள் கைக்கும் வரவேண்டும். ஆனால் மில்லில் புதிதாக வந்தவனை முதல் நாளே தனியாக மிஷினில் நிறுத்துகிறார்களா? பழகிய கை ஒன்று பக்கத்தில் நின்று, அறுந்த இழையை எப்படிப் பிணைப்பது என்று காட்டித் தருகிறது. முதல் நடவுக்கு இறங்கும் சிறுமியைப் பழகிய பெண்களுக்கு நடுவில்தானே நிறுத்துகிறோம்? கல்லூரியில் மட்டும் இந்த நியாயம் ஏன் இல்லை?

இது நடக்காத காரியம் அல்ல. 1960இல் மாஸ்கோவில் மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஆப்பிரிக்க வீரர் லுமும்பாவின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்காவிலிருந்து ஏழை நாட்டுப் பிள்ளைகள் அங்கே போனார்கள். ரஷ்ய எழுத்துக்கூடத் தெரியாதவர்கள் அவர்களில் பலர். நேரே வகுப்பில் தள்ளிவிடவில்லை. முதலில் ஆயத்த வகுப்பு. ரஷ்ய மொழியையும், அதோடு தாம் படிக்கப்போகும் பாடத்தின் சொற்களையும் கற்ற பிறகே மருத்துவமும் பொறியியலும். அயல்நாட்டுப் பிள்ளைகளுக்கு அங்கே அப்படிச் செய்ய முடிந்தது. சொந்த நாட்டில், சொந்த மாவட்டத்தில், நம் பிள்ளைகள் அயல்நாட்டாரைப் போல உட்கார்ந்திருக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்தின் கதை அதற்கும் பழையது. அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் 1847இல் அங்கே வந்தார். முதலில் ஆங்கிலத்தில்தான் மருத்துவம் கற்பித்தார். பிறகு 1864 முதல் மானிப்பாயில் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். கலைச்சொல் தொகுதிகளும் வெளியிட்டார். வெள்ளைக்காரருக்கு இருந்த பொறுமை நம் கல்விக் குழுக்களுக்கு ஏன் வரவில்லை? நம் தமிழ்நாட்டிலும் 1960களிலும் 70களிலும் கல்லூரிப் பாடங்களுக்கு நூற்றுக்கணக்கான தமிழ்ப் புத்தகங்களைச் சர்க்காரே அச்சிட்டது. அவற்றில் பல இன்று தமிழ் மின்நூலகத்தில் காசில்லாமல் படிக்கக் கிடைக்கின்றன. இது எத்தனை மாணவருக்குத் தெரியும்?

நாம் கேட்க வேண்டியது பெரிய சங்கதி அல்ல. முதல் பருவத்தில் ஆங்கிலமும் பாடச் சொற்களும் சேர்த்துக் கற்பிக்கும் ஆயத்த வகுப்பு வேண்டும். பெயருக்கு ஒரு வாரம் போதாது. ஒவ்வொரு பாடத்துக்கும் தமிழும் ஆங்கிலமும் பக்கம் பக்கமாக உள்ள சொற்பட்டியல் வேண்டும். ஆசிரியர் முதலில் தமிழில் விளக்கிவிட்டு ஆங்கிலத்துக்குப் போகட்டும். தமிழில் கேள்வி கேட்கும் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கும் வழக்கம் ஒழியட்டும். ஆங்கில வழிப் பாடமானாலும் உள்ளூர் மொழியில் தேர்வு எழுத விடுங்கள் என்று பல்கலைக்கழக மானியக் குழுவே 2023 ஏப்ரலில் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாம் முதல்வர் அறைக்குப் போகலாம். ஆசிரியர்கள்மேல் மட்டும் பாயவும் கூடாது. சொற்பச் சம்பளத்தில், நாளை வேலை இருக்குமா என்று தெரியாமல் பாடம் நடத்தும் கௌரவ விரிவுரையாளர்களும் உழைப்பாளிகளே.

சங்க அலுவலகங்கள் மாலையில் பூட்டிக் கிடக்கின்றன. வாரம் இரண்டு நாள் அவற்றைத் திறந்து வைத்தால் போதும். மூன்றாம் வருஷப் பிள்ளைகள் முதல் வருஷத்தாரோடு உட்கார்ந்து பாடம் பார்க்கட்டும். தமிழே கல்விமொழி, ஆட்சிமொழி என்று நாடெங்கும் முழங்கிய ஜீவா பிறந்த பூதப்பாண்டி நமக்குப் பக்கத்து ஊர்தான். அவர் படத்தைச் சுவரில் மாட்டியிருக்கும் கூடங்களிலாவது இதைத் தொடங்கலாமே.

அந்தப் பெண் இப்போது ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டிருக்கிறாள். இடது பக்கம் தமிழ்ச் சொல், வலது பக்கம் ஆங்கிலம். நேற்றுப் பார்த்தேன், பதினெட்டாம் பக்கம் வந்திருக்கிறாள். கூடப் படிக்கும் கடியபட்டணத்துப் பிள்ளை ஒன்று அதை வாங்கிப் பார்த்து எழுதுகிறதாம். திங்கட்கிழமை கல்லூரிக்குப் போய்விட்டாள் என்று அப்பா சொன்னார்.