பூசி மெழுகிய கூரை



திருவள்ளூரிலிருந்து திருத்தணிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் கனகம்மாசத்திரம் இருக்கிறது. ஊரின் பெயரிலேயே சத்திரம் உண்டு. வழிப்போக்கர் தலைக்கு மேல் ஓர் இரவுக்கு ஒரு கூரை தருவதே சத்திரத்தின் வேலை. இன்று அச்சாலையில் போகிறவர்கள் தங்கள் கூரையைத் தாங்களே கொண்டுசெல்கிறார்கள். திருத்தணி மலைக்கும் திருப்பதிக்கும் செல்லும் வேன்கள், பெண் அழைப்புக்குப் போகும் வேன்கள், துக்க வீட்டுக்கு விரையும் வேன்கள் என்று இரவு பகலாக ஓடுகின்றன. அவற்றுள் ஒன்றின் கூரையைப் பற்றியே இத்திங்கள் எழுதுகிறேன். அது என் தம்பியின் வேன்.

தன் சேமிப்போடு, மனைவியின் நகையை அடகு வைத்த பணத்தையும் சேர்த்து அவன் அதைப் பழைய வண்டியாக வாங்கினான். குடும்பத்துக்கு அதுவே சோறு. ஆகஸ்டு 29-இல் கொடியேறி செப்டம்பர் 8-இல் நிறைவுறும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் நம் மக்களை ஏற்றிச் செல்வான். முந்நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பயணம் அது. சென்ற முறை சிதம்பரத்தைத் தாண்டும்போது நள்ளிரவில் பெருமழை பிடித்துக்கொண்டது. கூரை ஒழுகிற்று. கண்ணில் அறுவை செய்துகொண்டு சில வாரங்களே ஆகியிருந்த பாட்டி ஒருவரின் தலைமீது சொட்டுச் சொட்டாக நீர் விழுந்தது. அவர் வாய் திறக்கவில்லை. துண்டை நான்காக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு விடியும் வரை அப்படியே அமர்ந்திருந்தார். காலையில் நனைந்த துண்டைக் கண்டு தம்பி பதறியபோது, “கண் விழித்து ஓட்டுகிற பிள்ளையை எதற்குக் கலங்க வைப்பது என்று இருந்துவிட்டேன் அப்பா” என்றாராம்.

ஆண்டவன் அருளால் கண்ணுக்கு ஒன்றும் நேரவில்லை. ஆனால் தம்பிக்கு அந்தச் சொல் உறுத்திக்கொண்டே இருந்தது. ஏனெனில் கூரை ஒழுகும் என்பது அவனுக்கு முன்பே தெரியும். மூன்று முறை அதை அவன் “சரிசெய்து” இருந்தான். முதல் ஆண்டு தார் பூசினான். அடுத்த ஆண்டு கல்லாக இறுகும் பசையைப் பிசைந்து அதன்மேல் அப்பினான். மூன்றாம் ஆண்டு கடையில் குழாயில் விற்கும் வெள்ளைப் பசையைப் பிதுக்கி, அதற்கும் மேலே இழுத்துவிட்டான். ஒவ்வொரு முறையும் முதல் மழைக்கு நின்றது. அடுத்த மழைக்கு ஒழுகிற்று.

ஊர் திரும்பியதும் வண்டியை டிங்கரிங் பட்டறைக்கு ஓட்டிச் சென்றான். நானும் உடன் போனேன். எங்கள் எல்லைப்புறத்துக்கே உரிய முறையில் தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் முதியவர் ஒருவர் அங்கே மேஸ்திரி. ஏணியில் ஏறிப் பார்த்தார். விரல் நகத்தால் பூச்சின் ஓரத்தைக் கிளப்பினார். வாழைப்பட்டை போல அது உரிந்து வந்தது.

“மூன்று பூச்சு இருக்கிறது, தம்பி. மூன்றுக்கும் அடியில் முதல் விரிசல் அப்படியே இருக்கிறது. நீ விரிசலை அடைக்கவில்லை, உன் பழைய பூச்சைத்தான் அடைத்திருக்கிறாய்” என்றார்.

“இன்னொரு நல்ல பசையாகப் பார்த்துப் போட்டுவிடுங்கள், மேஸ்திரி. நாளை மறுநாள் முகூர்த்தம், வண்டிக்கு வாடகை பேசியிருக்கிறது” என்றான் தம்பி.

“போடலாம். ஐப்பசியில் மறுபடியும் வருவாய்” என்று சொல்லிவிட்டு அவர் கீழே இறங்கிவிட்டார்.

அன்று தம்பி வீட்டுக்கு வந்து மனைவியோடு நெடுநேரம் பேசினான். முகூர்த்த வாடகை போனால் அம்மாத அடகு வட்டி தவறும். ஆயினும் அவளே முடிவு சொன்னாள்: “அந்தப் பாட்டி இடத்தில் நம் அம்மா உட்கார்ந்திருந்தால்?” மறுநாள் வேறொரு வேனை அந்தக் கல்யாண வீட்டாருக்கு ஏற்பாடு செய்து கொடுத்துவிட்டு, வண்டியைப் பட்டறையில் நிறுத்தினான்.

அன்பர்களே, கூரை ஏன் ஒழுகுகிறது என்பதை முதலில் அறிதல் நன்று. வேனின் எலும்புக்கூடு இரும்பு; மேல் தகடு பல வண்டிகளில் அலுமினியம். வெயிலில் இரண்டும் நீள்கின்றன. ஆனால் ஒரே அளவில் அல்ல. அலுமினியம் இரும்பைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு நீளும். 5 மீட்டர் நீளக் கூரை விடியற்காலையில் 25 டிகிரியிலும் நண்பகலில் 65 டிகிரியிலும் இருப்பதாகக் கொள்வோம். அலுமினியத் தகடு ஏறத்தாழ 4.6 மில்லிமீட்டர் நீளும். இரும்புச் சட்டம் 2.4 மில்லிமீட்டர் நீளும். வேறுபாடு 2 மில்லிமீட்டருக்கும் மேல். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் திருத்தணிப் பக்கத்து வெயிலில் இந்த இழுபறி நாள்தோறும் நடக்கிறது. சாலைக் குலுக்கல் வேறு. ஆகவே மூட்டுகளில் இருக்கும் பசை ரப்பர் போல் நீண்டும் சுருங்கியும் கொடுக்க வேண்டும். கல் போல் இறுகினால் வெடித்துவிடும். தாரோ வெயிலில் எண்ணெய்ச் சத்தை இழந்து வறண்டு பிளக்கும்.

நம் கடற்கரை மக்கள் இதை வெகு காலத்துக்கு முன்பே அறிந்திருந்தார்கள். மரக்கலத்தின் பலகை இடுக்குகளைப் பஞ்சும் குங்கிலியமும் எண்ணெயும் கொண்டு அடைக்கும் தொழிலுக்குக் கலப்பற்று என்று பெயர். பழைய பஞ்சைத் தோண்டி எடுத்த பின்னரே புதியதைத் திணிப்பார்கள். மேல்நாடுகளில் காருக்குப் பின்னால் சக்கர வீட்டை இழுத்துச் செல்லும் குடும்பங்களும் ஆண்டுதோறும் கூரை மூட்டுகளைத் தடவிப் பார்ப்பதை ஒரு கடமையாகவே கொண்டிருக்கிறார்கள். கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கு வழி வகுத்ததிலிருந்து, அத்தகைய உருளும் வீடுகள் நம் பக்கமும் கண்ணில் படுகின்றன. வண்டி எதுவானாலும் விதி ஒன்றே: பழையது போன பிறகே புதியது.

மேஸ்திரி செய்த வேலையை வரிசையாகச் சொல்லுகிறேன்.

முதலில் ஒழுகும் இடத்தைக் கண்டுபிடித்தார். உள்ளே சொட்டும் இடமும் மேலே நீர் புகும் இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. நீர் சட்டத்தின் வழியே ஊர்ந்து சென்று தாழ்ந்த இடத்தில் சொட்டும். ஆகவே ரப்பர் குழாயால் மெல்லிய நீரைத் தாழ்ந்த பக்கத்தில் தொடங்கி, ஒவ்வொரு மூட்டாக மேல்நோக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். உள்ளே டார்ச் விளக்கோடு நான் நின்றேன். பாட்டி அமர்ந்திருந்த இருக்கைக்கு ஆறடி முன்னால், மேல் கேரியரின் கால் ஒன்றைப் பிணைத்த போல்ட்டின் வழியாக நீர் இறங்கியது.

அடுத்து அகற்றும் வேலை. இதுவே பெரும்பகுதி. வெந்நீர்க் காற்றல்ல, வெறும் வெப்பக் காற்று வீசும் கருவியால் பழைய பசையை இளக்கி, மழுங்கிய பிளாஸ்டிக் சீவுளியால் சுரண்டி எடுத்தார். தீச்சுடரை அருகில் கொண்டுவரவே இல்லை. தகட்டுக்கு அடியில் ஒட்டுப்பலகையும் மின்கம்பியும் உண்டு. ஸ்குரூ டிரைவரால் குத்திக் கிளறவும் விடவில்லை. வண்ணம் கீறிய இடத்தில்தான் அடுத்த துரு பிறக்கும். தார்க் கறையை டர்பன்டைனால் துடைத்தார். அது விட்டுச்செல்லும் எண்ணெய்ப் பசையை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து, அது உலருமுன்பே வேறொரு உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தார். ஒரே துணியால் துடைத்தால் அழுக்கு இடம் மாறுமேயன்றி நீங்காது.

எல்லாவற்றையும்விடத் தொல்லை கொடுத்தது மூன்றாம் ஆண்டு இட்ட வெள்ளைப் பசைதான். அது காடி வாசனை வீசும் சிலிக்கோன். கண்ணாடிக்கும் குளியலறைக்கும் அது பொருந்தலாம். ஆனால் உலரும்போது வெளிவிடும் அமிலம் இரும்பையும் துத்தநாகம் பூசிய தகட்டையும் அரிக்கும். அதன் மெல்லிய படலம் மிஞ்சியிருந்தாலும் வண்ணம் பிடிக்காது. புதுப் பசையும் ஒட்டாது. அரை நாள் முழுதும் அதற்கே போயிற்று.

போல்ட்டைக் கழற்றியபோதுதான் எங்கள் உள்ளம் திடுக்கிட்டது. துளையைச் சுற்றித் தகடு நன்றாகவே இருந்தது. அடியில் இருந்த இரும்புச் சட்டமோ துருவேறிப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. உட்கூரை ஒட்டுப்பலகை, ஊறிய ரொட்டியைப் போல் விரலுக்கு அமுங்கிற்று. அதற்கு ஓர் அங்குலம் தள்ளி, விளக்குக்குப் போகும் மின்கம்பி ஈரத்தில் கிடந்தது. மூன்று ஆண்டுகளாக நாங்கள் மேலே பூசப் பூச, உள்ளே புகுந்த நீர் வெளியேற வழியின்றி அங்கேயே தங்கி வேலை செய்திருக்கிறது. கேரியரில் பத்துப் பேரின் மூட்டைகள் ஏற்றிய வண்டி அது. தம்பி வெகுநேரம் பேசவில்லை.

பழுதான சட்டத் துண்டை வெட்டி எடுத்துப் புதியதைப் பற்றவைத்தார்கள், மின்கம்பியை மாற்றினார்கள். ஈரம் உலர இரண்டு நாள் உட்கூரையைத் திறந்தே வைத்தார் மேஸ்திரி. “இன்றே மூடிவிடலாமே” என்று தம்பி கேட்டதற்கு, “ஈரத்தை உள்ளே வைத்து மூடுவதற்கு நான் எதற்கு? அதை நீயே மூன்று தரம் செய்தாயே” என்றார். துருவை உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு பூசி உலரவிட்டார்.

பிறகே புதிய பசை. பேருந்து கட்டும் பட்டறைகளில் பயன்படும் பாலியூரிதேன் சீலன்ட்டை வாங்கிவரச் சொன்னார். அது இறுகிய பின்னும் ரப்பர் போல் இருக்கும். மேலே வண்ணமும் பிடிக்கும். வெயிலில் அதன் மேற்பரப்பு கெடாமலிருக்க வண்ணம் பூசுவதே நல்லது. போல்ட்டின் அடியில் மட்டும் ஒட்டும் தன்மை மாறாத பியூட்டைல் நாடாவை வைத்து முடுக்கினார். மூட்டின் இருபுறமும் காகித நாடா ஒட்டி, நடுவே பசையை ஒரே சீராக இழுத்தார். நூல் போல மெல்லியதாக இழுத்தால் போதாது. நல்ல பசை தன் அகலத்தில் கால்பங்கு அளவே அசைவைத் தாங்கும். 2 மில்லிமீட்டர் அசைவுக்கு 8 மில்லிமீட்டராவது அகலம் வேண்டும். நண்பகல் வெயிலில் இவ்வேலையைத் தொடவில்லை; காலை ஒன்பது மணிக்குள் முடித்தார். இப்பசை காற்றின் ஈரத்தைக் கொண்டே இறுகுவது. முதல் நாளில் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் ஆழம்தான் இறுகும். ஆகவே மேலும் சில நாள் வண்டி அசையவில்லை. கையுறை அணிந்து, திறந்த வெளியில் வைத்தே செய்ய வேண்டிய வேலை இது. கூரைமேல் ஏறுகிறவருக்குக் கீழே ஏணியைப் பிடிக்க ஓர் ஆளும் வேண்டும்.

ஐப்பசி வந்தது, மழையும் வந்தது. முன்பு ஒழுகிய இடத்தில் ஒரு சொட்டும் இல்லை. ஆனால் பின்பக்க ஏணியின் காலருகே சிறு கசிவு தோன்றிற்று! அந்த ஒரு மூட்டின் பழைய பூச்சு பார்வைக்கு நன்றாக இருந்தமையால், “அதை விட்டுவிடுங்கள்” என்று தம்பிதான் சொல்லியிருந்தான். இம்முறை அவன் குழாய்ப் பசையைத் தேடி ஓடவில்லை. சீவுளியை எடுத்துக்கொண்டு தானே மேலே ஏறினான்.

வேன் இல்லாத வீடுகளுக்கும் இதில் ஒரு சொல் உண்டு. மாடித்தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையில் ஆண்டுதோறும் சிமென்ட்டைக் கரைத்து ஊற்றுகிறோம். தட்டோட்டின் இடைச்சந்தில் பழைய காரை தளர்ந்திருக்க, அதன்மேலேயே புதுக்காரையைத் தேய்க்கிறோம். ஓராண்டில் இரண்டும் சேர்ந்தே பெயர்கின்றன. தளர்ந்ததை உளியால் எடுத்து, தூசியைக் கூட்டிக் கழுவி, நன்றாய் உலரவிட்டுப் பிறகு அடையுங்கள். மாசி, பங்குனி மாதங்கள் இதற்கு ஏற்றவை. உலர்ந்ததா என்று அறிய, ஒரு பிளாஸ்டிக் தாளைத் தளத்தின்மேல் விரித்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் ஒட்டி ஓர் இரவு விடுங்கள். காலையில் அதன் அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். மரத்துலாம் தாங்கும் பழைய மெட்ராஸ் தளமாயின், சோதனைக்காக நீரைத் தேக்கி வைக்காதீர்கள். பத்தடிக்குப் பத்தடி இடத்தில் இரண்டு அங்குல நீர் ஏறத்தாழ 470 கிலோ எடை.

குற்றத்தை மறைப்பதைப் பூசி மெழுகுதல் என்று நம் முன்னோர் சொன்னார்கள். கூரையைப் பார்த்தே அச்சொல்லைக் கண்டார்களோ என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

அந்தப் பாட்டியைச் சென்ற வாரம் கண்டேன். அடுத்த திருவிழாவுக்கும் தம்பியின் வேனில்தான் வரப்போவதாகச் சொன்னார். “அதே இருக்கைதான் வேண்டும்” என்றார். தம்பி அதைத் தன் குறிப்பேட்டில் முதல் பெயராக எழுதி வைத்திருக்கிறான்.